பட்டா கேட்காத பணம்

அயனம்பாக்கத்தில் பல வீட்டு பீரோக்களில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும். மூலப்பத்திரம், கிரயப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா நகல், வீட்டுவரி ரசீது. அரை கிரவுண்டு மனை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓவர்டைம் பார்த்த காசு, சீட்டு எடுத்த காசு, தாலிக்கொடி போக மீதி நகை எல்லாம் சேர்ந்து வாங்கியது. அந்த ஃபைல் முன்பெல்லாம் இரண்டு காரியங்களுக்குத்தான் வெளியே வரும்: ஒன்று கல்யாணம், இன்னொன்று ஆஸ்பத்திரி. இப்போது மூன்றாவது ஒன்று சேர்ந்திருக்கிறது. பிள்ளை எம்.எஸ். படிக்கப் போகிறது.

வானகரம்–அம்பத்தூர் சாலையில் போகிறவர்களுக்கு இந்த ஊரின் கதை ஜன்னல் வழியாகவே தெரிந்துவிடும். ஏரி, அதைச் சுற்றி வயலாக இருந்து மனையாகிப்போன நிலங்கள், கொஞ்சம் தள்ளி புறவழிச்சாலை. வடக்கே 1964-ல் தொடங்கிய தொழிற்பேட்டை. அங்கே ஒரு தெருவில் லேத் பட்டறை, அடுத்த தெருவில் ஐ.டி. பார்க். மேற்கே ஆவடி, பூந்தமல்லி சாலைகளில் வரிசையாகப் பொறியியல் கல்லூரிகள். அப்பா பட்டறையில், பிள்ளை கல்லூரியில், இரண்டுக்கும் நடுவே விலை ஏறிக்கொண்டே போகும் மனை. இந்த மூன்றும் ஒரே வீட்டில் கூடினால் வெளிநாட்டுப் படிப்பு என்ற பேச்சு வராமல் இருக்காது. வந்ததும் பணத்துக்கு முதலில் கண்ணில் படுவது அந்த ஃபைல்தான்.

உதவித்தொகை என்ற சொல்லும் அந்தப் பேச்சில் வரும். ஆனால் கடைசியில் வரும். லோன் சாங்ஷன் ஆகி, விசாவும் வந்த பிறகு, 'அங்க போய் ஸ்காலர்ஷிப் ஏதாவது கிடைக்குமான்னு பாக்கலாம்' என்று. வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் மொத்த வழக்கு.

கணக்குப் புரிவதற்காக ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் சி.என்.சி. மெஷின் ஆபரேட்டர். அம்மா வீட்டிலேயே தையல். மூத்தவன் மெக்கானிக்கல் முடித்தவன். அவனுக்கு அமெரிக்காவில் இரண்டு வருட எம்.எஸ். இளையவள் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவள். அவளிடம் பிறகு வருவோம்.

மூத்தவனுக்குக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 40 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 11 சதவீதம், பத்து வருடத் தவணை. மாதம் சுமார் 55,100 ரூபாய் கட்ட வேண்டும். இது பாதிக் கணக்குதான். படிக்கும் இரண்டு வருடமும் முடித்த பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்று வங்கி சலுகை தரும். வட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. முதல் வருடம் பாதித் தொகையும் இரண்டாம் வருடம் மீதியும் போகிறது என்றால், அந்த மூன்று வருடத்தில் வட்டி மட்டும் ஏறக்குறைய 11 லட்சம். அதைக் கட்டாமல் விட்டால் அசலோடு சேர்ந்து கடன் 51 லட்சமாகும், தவணை 70,000-ஐத் தாண்டும். அந்தத் தவணையை டாலர் சம்பளத்தில் கட்டினால் பெரிய தொகை இல்லை. அம்பத்தூர் சம்பளத்தில் கட்ட நேர்ந்தால் வீட்டுச் சம்பளம் மொத்தமும் அதற்கே போதாது. 2025 செப்டம்பரில், புதிய எச்-1பி வேலை விசா விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அமெரிக்கா அறிவித்த இரவில், இப்படிப்பட்ட எத்தனை வீடுகளில் வாட்ஸ்அப் வீடியோ கால் விடியும்வரை ஓடியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்ற விளக்கங்கள் பிறகு வந்தன. வட்டி மட்டும் விளக்கத்துக்காகக் காத்திருக்கவில்லை.

இனி வங்கியின் பக்கம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் 2001-ல் வந்தது. அதன்படி 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை. அதற்கு மேலே போனால், சில வங்கிகள் பட்டியலிட்டு வைத்திருக்கும் பெரிய பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தால் தவிர, ஃபைல் வெளியே வந்தாக வேண்டும். வங்கியின் வக்கீல் லீகல் ஒப்பீனியன் தருவார். அவர் முப்பது வருட வில்லங்கம் கேட்பார். மனை தாத்தா பெயரில் இருந்தால் அத்தையும் சித்தப்பாவும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். பொங்கலுக்கு மட்டும் பார்த்துக்கொள்ளும் உறவுகளுக்கு நடுவே பாகப்பிரிவினை என்ற சொல் முதன்முதலாக விழுவது பல வீடுகளில் இந்தக் கல்விக்கடன் புண்ணியத்தில்தான்.

சென்னையின் மேற்குப் புறநகருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. அங்கீகாரம் இல்லாத லேஅவுட். ஏரிக்கரையிலும் வயல்வெளியிலும் கல் நட்டு விற்ற மனைகள் இந்தப் பக்கம் எத்தனையோ. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டது. அதன் பிறகு 2017-ல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன்பு பதிவானவற்றை முறைப்படுத்தலாம் என்றது. கட்டணம் கட்டி முறைப்படுத்தியவர்களின் ஃபைலுக்கு வங்கியில் மதிப்பு. 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று விட்டவர்களின் வீடு அவர்களுக்கு வீடு, வங்கிக்கு வெறும் செங்கல். அவர்கள் போகுமிடம் வங்கியல்லாத நிதி நிறுவனம். அங்கே சொத்து கேட்க மாட்டார்கள், அப்பாவின் சம்பளச் சீட்டும் சிபில் ஸ்கோரும் போதும். அந்த வசதிக்கு இரண்டு மூன்று சதவீதம் கூடுதல் வட்டி. ஆக, யாரிடம் சொத்து குறைவோ அவரிடம் வட்டி அதிகம். பட்டா இருப்பவனுக்கு ஒரு விலை, இல்லாதவனுக்கு வேறு விலை.

உதவித்தொகை பட்டா கேட்காத பணம். அதுவும் காகிதம் கேட்கும், நிறையவே கேட்கும். ஆனால் அது கேட்கும் காகிதங்கள் அந்த பீரோவில் இருக்காது.

*

முதலில் ஒரு கலப்படத்தைப் பிரித்து எடுத்துவிட வேண்டும். ஸ்காலர்ஷிப் என்று அச்சிட்டு வரும் கடிதங்கள் எல்லாம் ஸ்காலர்ஷிப் இல்லை. பிரிட்டனின் நடுத்தரப் பல்கலைக்கழகம் ஒன்று 22,000 பவுண்டு கட்டணம் சொல்லி, 'உங்கள் திறமையைப் பாராட்டி 3,000 பவுண்டு' என்று கடிதம் அனுப்புகிறது. வீட்டில் இனிப்பு. ஒரு பவுண்டு 110 ரூபாய் என்று வைத்தாலும் 3,30,000 ரூபாய் அல்லவா? அது சரி, மீதி 19,000 பவுண்டு 20,90,000 ரூபாய். அந்தக் கடிதம் அதே வகுப்பில் சேரும் எத்தனை வெளிநாட்டு மாணவர்களுக்குப் போயிருக்கிறது என்று கேட்டால் உண்மை புரியும். தி.நகரில் ஆடித் தள்ளுபடி கொடுப்பவர் நம் திறமையைப் பார்த்துக் கொடுப்பதில்லை. தள்ளுபடியை வாங்கிக்கொள்வதில் தப்பில்லை. அதை உதவித்தொகை என்று நம்பி, உண்மையான உதவித்தொகைக்கு மனுப் போடாமல் விடுவதுதான் நஷ்டம்.

இரண்டாவது வகை, கடன் என்ற பெயரிலேயே வரும் உதவி. ஜாம்ஷெட்ஜி டாடா 1892-ல் தொடங்கிய ஜே.என். டாடா அறக்கட்டளை தருவது 'கடன் உதவித்தொகை'. வங்கி வட்டியைவிட மிகக் குறைவான வட்டி. தொடக்கத்திலேயே அதைப் பெற்றவர்களில் இருவர் பெண் மருத்துவர்கள் என்பது பலருக்குத் தெரியாது. பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போனதும் டாடா உதவியில்தான். கே.சி. மஹிந்திரா அறக்கட்டளை 1956-லிருந்து வட்டியில்லாக் கடன் கொடுக்கிறது. நரோத்தம் சேக்சாரியா அறக்கட்டளையும் அதே வழி. வங்கி மேலாளர் இவற்றைச் சொல்ல மாட்டார், அது அவர் வேலை இல்லை. ஆனால் இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விடுவதுதான் எனக்குக் குறை. வெளிநாட்டுப் படிப்புக் கடனில், நான்கு லட்சத்துக்கு மேல் போனால், மாதிரித் திட்டத்தின்படி 15 சதவீதம் மாணவர் தரப்பிலிருந்து வர வேண்டும். மார்ஜின் என்பார்கள். இந்த மார்ஜினுக்காகத்தான் நகை அடகுக்குப் போகிறது. உதவித்தொகையையும் உதவியாளர் ஊதியத்தையும் மார்ஜினாகக் காட்டலாம் என்று அதே திட்டம் சொல்கிறது. மார்ஜினை முதல் நாளே கொண்டுவரவும் வேண்டியதில்லை, வருடா வருடம் பணம் விடுவிக்கும்போது விகிதப்படி கொண்டுவந்தால் போதும். ஒரு சின்ன உதவித்தொகைக் கடிதம் அம்மாவின் வளையலை அடகுக்கடைக்குப் போகாமல் தடுக்க முடியும்.

மூன்றாவது வகைதான் முழு உதவித்தொகை. கட்டணம், விமான டிக்கெட், மாதச் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அது நமக்கெல்லாம் கிடைக்காது என்று தெருமுனை டீக்கடையில் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டோம். அந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு வழக்கை எடுக்கிறேன். எல்லோருக்கும் தெரிந்த ஆள்தான், ஆனால் பணக்கணக்கோடு நாம் அவரைப் பார்ப்பதில்லை.

*

ராமானுஜனுக்கு அரியர் ஹிஸ்டரி உண்டு. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகை, கணக்கைத் தவிர மற்றதைப் படிக்காததால் பறிபோனது. பச்சையப்பன் கல்லூரியிலிருந்து எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தோல்வி. பட்டம் இல்லை. இன்றைய கன்சல்டன்சி ஒன்றில் இந்த புரொஃபைலோடு போய் உட்கார்ந்தால் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

அதன் பிறகு அவருக்குக் கிடைத்த முதல் பணம் ஒரு தனி மனிதரின் பாக்கெட்டிலிருந்து வந்தது. நெல்லூர் கலெக்டராக இருந்த ஆர். ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். பிறகு 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக்கு எழுத்தர் வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், தான் ஆண்டுக்கு 20 பவுண்டு வாங்கும் எழுத்தர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, நேரே தேற்றங்களுக்குப் போய்விட்டார். சின்ன வயதிலிருந்தே தனக்குக் கணிதத்தில் தணியாத ஆர்வம் என்றெல்லாம் ஒரு பத்தி எழுதவில்லை. எஸ்.ஓ.பி. என்ற நோக்கக் கட்டுரை எழுத உட்காரும் பிள்ளைகள் அந்தக் கடிதத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

அதே ஆண்டு மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. பட்டமில்லாத ஒருவருக்கு. 1914 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்து விரிவுரைக்கு வந்த நெவில், ராமானுஜனை அழைத்துப் பேசிய கையோடு பல்கலைக்கழகப் பதிவாளர் ட்யூஸ்பரிக்குக் கடிதம் எழுதினார். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் கவர்னர் மாளிகைக்கு எழுதினார். சில வாரங்களில் காரியம் முடிந்தது. ஆண்டுக்கு 250 பவுண்டு, அன்றைய கணக்கில் 3,750 ரூபாய். துறைமுகச் சம்பளத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல். பயணத்துக்கும் உடுப்புக்கும் தனியே 100 பவுண்டு. டிரினிட்டி கல்லூரி தன் பங்குக்கு 60 பவுண்டு சேர்த்தது. 1914 மார்ச் 17-ம் தேதி நெவாசா கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியது.

இதில் மேதைமையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால் மூன்று விஷயம் மிஞ்சும். ஒன்று, பணம் ஒரே இடத்திலிருந்து வரவில்லை. பல்கலைக்கழகம், கல்லூரி என்று துண்டு துண்டாகச் சேர்ந்தது. இரண்டு, அவரை உண்மையாகவே அறிந்தவர்கள் கடிதம் எழுதினார்கள். மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. அந்த 250 பவுண்டில் 50 பவுண்டை ஊரிலிருந்த குடும்பத்துக்கு என்று பிடித்தம் செய்யச் சொல்லிவிட்டுத்தான் ஏறினார். மாதம் அறுபது ரூபாய் வாக்கில் வரும். அங்கே போய் சம்பாதித்து அனுப்புகிறேன் என்ற பேச்சே இல்லை. உதவித்தொகையிலேயே வீட்டுச் செலவும் அடக்கம்.

அவர் மட்டும் இல்லை. சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள், ஆசியப் பெண்களுக்கென்று மிச்சிகன் பல்கலைக்கழகம் வைத்திருந்த பார்பர் உதவித்தொகையில் 1924-ல் அமெரிக்கா போனார். 1931-ல் முனைவர் பட்டம். மாநிலக் கல்லூரியில் படித்த இயற்பியலாளர் சந்திரசேகர் 1930-ல் இந்திய அரசின் உதவித்தொகையில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். யார் வீட்டுப் பத்திரமும் அடகுக்குப் போகவில்லை.

*

அந்தக் காலத்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இடத்தில் இன்று அரசுத் திட்டங்கள் இருக்கின்றன. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954-55-லிருந்து ஓடுகிறது. ஆண்டுக்கு 125 பேர். அதில் 115 இடம் பட்டியல் சாதியினருக்கு, மீதி சீர்மரபினர், நாடோடிச் சமூகத்தினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் குடும்பங்களுக்கு. குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பழங்குடியினருக்குத் தனித் திட்டம். நாட்டுக்கே 125 என்பது கம்மிதான். அதிலும் 2025 ஜூலையில், தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்து, மற்றவர்களுக்கு நிதி இருப்பைப் பொறுத்து என்று சொன்னார்கள். செப்டம்பரில் வகுப்பு. ஜூலையில் நிதி இருப்பைப் பொறுத்து என்றால் அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

பாதியில் பணம் நின்றுபோவது புதிதில்லை. அம்பேத்கர் 1913-ல் பரோடா மன்னர் கொடுத்த மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகையில் கொலம்பியாவுக்குப் போனார், திரும்பி வந்து சமஸ்தானத்தில் பத்து ஆண்டு வேலை செய்வதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு. உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-ல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. 1920-ல் மறுபடி போனபோது கையில் இருந்தது கல்லூரி ஆசிரியராகச் சேமித்த பணம், கோலாப்பூர் மன்னரின் உதவி, நண்பர் நவல் பத்தேனாவிடம் வாங்கிய கடன். ஒட்டுப்போட்ட பணம்தான், அதில்தான் படிப்பு முடிந்தது.

அவர் பெயரிலேயே தமிழ்நாடு அரசு நடத்தும் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இந்தப் பகுதி வீடுகளுக்கு இன்னும் நெருக்கமானது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ ஆதிதிராவிடர் மாணவர்கள் வெளிநாட்டில் முதுகலையோ ஆராய்ச்சியோ படிக்க ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை. வயது 35-க்குள். கடன் அல்ல, திருப்பிக் கட்ட வேண்டாம். மத்தியத் திட்டத்தில் கிறித்தவத்துக்கு மாறிய குடும்பங்களுக்கு இடமில்லை, மாநிலத் திட்டத்தில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் எத்தனையோ வீடுகள் இந்த ஒரு வித்தியாசம் தெரியாததால் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகின்றன. மேல் விவரத்துக்கு சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள ஆதிதிராவிடர் நல ஆணையரகம். கேட்கும் காகிதம்: சாதிச் சான்று, வருமானச் சான்று, பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம். முதல் இரண்டும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து தாலுகா ஆபீஸ் வழியாக வர வேண்டியவை. அதற்கு ஒரு மாதம் ஒதுக்கி வைப்பவர் புத்திசாலி. சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு வருமானச் சான்றுக்கு ஓடுபவர்களைத்தான் அந்த மையங்களின் வாசலில் ஜூன், ஜூலையில் வியர்க்க வியர்க்கப் பார்க்க முடியும்.

பிற்படுத்தப்பட்ட வகுப்பினரின் வீடுகளுக்கு இப்படி ஒரு வாசல் திறப்பதில்லை. அவர்களுக்கு இருப்பது பெரும்பாலும் வட்டி மானியம், குறைந்த வட்டிக் கடன் என்ற வகைதான். சிறுபான்மையினருக்கு மத்திய அரசு வைத்திருந்த 'படோ பர்தேஷ்' வட்டி மானியமும் 2022-23-லிருந்து நின்றுபோனது. எட்டு லட்சம் என்ற கோட்டுக்கு ஒரு ரூபாய் மேலே நிற்கும் அரசு ஊழியர் வீட்டுக்கும் பதினைந்து லட்சம் தேவைப்படும்போது வங்கி ஒன்றுதான் கதி என்று ஆகிவிடுகிறது. அவர்கள் பார்க்க வேண்டியது சாதியும் வருமானமும் கேட்காத வெளிநாட்டு உதவித்தொகைகளை. அங்கே கேட்கப்படுவது வேறு ஒன்று, காலம்.

*

செவனிங் என்பது பிரிட்டன் அரசின் முழு உதவித்தொகை. ஒரு வருட முதுகலை. குடும்ப வருமானம் கேட்பதில்லை, வங்கி இருப்பு கேட்பதில்லை. பட்டம் முடித்து 2,800 மணி நேரம், அதாவது ஏறக்குறைய இரண்டு வருடம், வேலை பார்த்திருக்க வேண்டும். படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டுகளுக்கு சொந்த நாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். ஆகஸ்டில் திறந்து இலையுதிர் காலத்தில் மூடிவிடுவார்கள், அடுத்த ஆண்டு செப்டம்பரில்தான் வகுப்பு. ஃபுல்பிரைட்–நேரு முதுகலைக்கு மூன்று வருட வேலை அனுபவம், துறைகளும் சிலதான். ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டுஸ் இரண்டு நாடுகளிலாவது படிக்க வைக்கும் முதுகலை. உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் போக மாதம் 1,400 யூரோ. பெரும்பாலான படிப்புகளுக்கு அக்டோபர் முதல் ஜனவரிக்குள் விண்ணப்பம். அமெரிக்காவில் பிஎச்.டி. என்றால் நல்ல துறைகளில் கட்டணம் தள்ளுபடியாகி மாதாமாதம் உதவியாளர் ஊதியமும் கிடைக்கும். கடைசித் தேதி டிசம்பர் வாக்கில். எம்.எஸ்.ஸுக்குக் கடன் வாங்கிப் போகும் பையன்களுக்கு, நேரே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம் என்று சொல்ல இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் ஆள் குறைவு. 2025-ல் ஆராய்ச்சி நிதி வெட்டால் சில அமெரிக்கத் துறைகள் பிஎச்.டி. சேர்க்கையைக் குறைத்துக்கொண்டன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தத் தேதிகளைப் பாருங்கள். படிக்கப் போவதற்கு எட்டு மாதம், ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே கதவு மூடுகிறது. நம் வீடுகளில் முடிவெடுப்பது கடைசி செமஸ்டர் ரிசல்ட் வந்த பிறகு. அப்போது திறந்திருக்கும் கதவு வங்கிக் கதவு மட்டும்தான். இந்த இடைவெளியில்தான் கன்சல்டன்சி பிழைக்கிறது. அவர்களில் நல்லவர்களும் உண்டு. ஆனால் பல்கலைக்கழகத்திடம் கமிஷன் வாங்குபவர், கமிஷன் தராத உதவித்தொகையைப் பற்றி நம்மிடம் ஏன் பேசப் போகிறார்? 'இந்த இன்டேக் விட்டா சீட் போயிடும் சார்' என்ற வாக்கியத்துக்கு இருக்கும் சந்தை மதிப்பு, 'ரெண்டு வருஷம் வேலை பாத்துட்டு செவனிங் போடும்மா' என்ற வாக்கியத்துக்கு இல்லை.

ஜெர்மனி தனிக் கதை. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கட்டணமே இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017-லிருந்து வெளிநாட்டவரிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து வசூலிக்க ஆரம்பித்துவிட்டது. இலவசம் என்று கேட்டவுடன் ஓடுகிறவர்களை ஒரு தொகை வாசலில் நிறுத்தும். பிளாக்டு அக்கவுன்ட். ஒரு வருடச் செலவுக்கான 11,904 யூரோவை முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். யூரோ நூறு ரூபாய் என்றால் கிட்டத்தட்ட 12 லட்சம். அது கட்டணம் இல்லை, மாதம் 992 யூரோவாக மாணவனுக்கே திரும்பி வரும். இருந்தாலும் முதலில் ரொக்கமாக வேண்டுமே. இதற்குத்தான் 'ஷோ மணி' என்று சில பேர் கடை விரித்திருக்கிறார்கள். சில நாள் கணக்கில் பணம் போட்டு, ஸ்டேட்மென்ட் எடுத்ததும் கமிஷனோடு திரும்ப எடுத்துக்கொள்வார்கள். விசா அதிகாரிக்கு அது தெரியாது என்று நினைப்பது அப்பாவித்தனம். மாட்டினால் அடுத்த விண்ணப்பத்துக்கும் சேர்த்து அடி விழும். நேர்வழியில் போகிறவர்களுக்கு 40 லட்சம் கடனுக்குப் பதில் வருடத்துக்கு 12 லட்சத்தோடு வேலை முடியும் என்பதுதான் ஜெர்மனியின் உண்மையான உதவித்தொகை. அதன் விலை பி1 வரைக்குமாவது ஜெர்மன் கற்பது. மாலை வகுப்பு, நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவன், அயனம்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ்.

இன்னொரு காகிதம் எல்.ஓ.ஆர். பரிந்துரைக் கடிதம். இங்கே நடக்கும் வழக்கம் எல்லோருக்கும் தெரியும், யாரும் எழுதுவதில்லை. மாணவரே கடிதத்தை எழுதி எடுத்துப்போவார், எச்.ஓ.டி. கையெழுத்துப் போடுவார். ஒரே பிரிவிலிருந்து ஐந்து பேர் போனால் ஐந்து பேரும் 'வகுப்பின் தலைசிறந்த மாணவர்'. கட்டணம் கட்டிச் சேரும் படிப்புக்கு இது ஓடிவிடும். முழு உதவித்தொகைக்கு ஓடாது. அங்கே நூற்றுக்கணக்கான கடிதங்களைப் படித்தவர் உட்கார்ந்திருப்பார். எந்த வாக்கியம் ஆளை அறிந்து எழுதியது, எது காப்பி-பேஸ்ட் என்று முதல் வரியிலேயே தெரிந்துகொள்வார். நெவிலும் ஸ்பிரிங்கும் எழுதியது ராமானுஜன் எழுதிக்கொடுத்ததை அல்ல. எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியின் புரொடக்‌ஷன் மேனேஜர், 'இந்தப் பெண் வந்த பிறகு ரிஜெக்‌ஷன் இவ்வளவு குறைந்தது, எப்படிக் குறைத்தாள் என்றால்' என்று அரைகுறை ஆங்கிலத்தில் எழுதும் கடிதம், டீன் கையெழுத்திட்ட மூன்று பக்கப் பாராட்டைவிட எடை கூடியது. இது என் அபிப்பிராயம் மட்டுமே. ஆனால் அந்த மேனேஜரிடம் கேட்கக்கூட நம் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள்.

*

அந்தக் கற்பனை வீட்டுக்கு, இரண்டு வருடம் கழித்து, திரும்புவோம். மூத்தவன் அமெரிக்காவில் இருக்கிறான், வட்டி ஓடுகிறது. வீட்டுப் பத்திரத்தின் அசல் வங்கியில். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் எம்.ஓ.டி. என்று ஒரு அடகுப் பதிவு வரும்.

இளையவள் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் குவாலிட்டி பிரிவில் இரண்டு வருடத்தை முடிக்கப் போகிறாள். மாலையில் மாடி அறையில் லேப்டாப்பைத் திறந்து, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று மாதம் மாதமாக எண்ணிக் கூட்டிக்கொண்டிருக்கிறாள். 2,800 தாண்டிவிட்டது. செவனிங்கின் கட்டுரைக் கேள்விகள் நான்கையும் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் தமிழில் குறிப்பு எடுத்து வைத்திருக்கிறாள். கிடைக்காமல் போனால் எராஸ்மஸ், அதுவும் தவறினால் ஜெர்மனி என்று கீழே அம்புக்குறி.

அப்பா இரண்டாவது ஷிஃப்ட் முடித்து வந்து, லுங்கி மாற்றிக்கொண்டு, பீரோவைத் திறக்கிறார். அசல் இல்லை, ஜெராக்ஸ் ஃபைல்தான். 'இந்தா, எது எது வேணும்னு சொல்லு, ஆபீஸ் பக்கத்துல நாளைக்கே அட்டெஸ்டேஷன் வாங்கிட்டு வரேன்.'

'எதுவும் வேணாம்பா.'

'சம்பளச் சீட்டு?'

'உங்களோடது வேணாம். என்னோடது போதும்.'

அவர் கொஞ்ச நேரம் நிற்கிறார். பணம் கொடுக்கிறவன் ஒன்றும் கேட்காமல் கொடுப்பான் என்பதை ஐம்பத்தி நாலு வயதில் நம்பச் சொன்னால் எப்படி? ஃபைலை உள்ளே வைக்காமல், டி.வி.க்கு மேலே வைக்கிறார்.

'எதுக்கும் வெளியிலயே கெடக்கட்டும்.'